கானா, மாலி, சொங்காய்: மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதைப் பின்னால் மீண்டும் விளக்காமல், அந்தக் கேள்வியின் எண்ணைச் சுட்டியிருக்கிறேன்.

1. கானா பேரரசுன்னா இப்போ இருக்கிற கானா நாடுதானே?

இல்லை. இடைக்காலக் கானா இன்றைய மொரித்தானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும் பரவியிருந்தது. அதை ஆண்ட சோனின்கே மக்களின் வாய்மொழி மரபில் அதன் பெயர் வகாது. கினியா வளைகுடாவை ஒட்டிய இன்றைய கானா, பிரிட்டிஷ் ஆட்சியில் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட பகுதியாகும். 1957-இல் விடுதலை பெற்றபோது பழம்பெருமை கருதி அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. இரண்டுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு உண்டு.

மாலியின் நிலை வேறு. பிரெஞ்சு சூடானாக இருந்த நாடு 1960-இல் அந்தப் பெயரை ஏற்றது. திம்புக்டு, காவோ, ஜென்னே ஆகிய பழைய நகரங்கள் உண்மையிலேயே அதன் எல்லைக்குள்தான் இருக்கின்றன.

2. மூன்று பேரரசுகளும் ஒன்று அழிந்து அடுத்தது என்று வரிசையாக வந்தவையா?

பாடநூல்கள் அப்படிச் சொல்வது நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது. ஆனால் முழு உண்மை அன்று. கானா 11-ஆம் நூற்றாண்டில் உச்சத்தில் இருந்தது, மாலி 13, 14-ஆம் நூற்றாண்டுகளிலும் சொங்காய் 15, 16-ஆம் நூற்றாண்டுகளிலும் ஓங்கின என்பது வரை சரி. சொங்காயின் தலைநகரான காவோவோ மாலி தோன்றுவதற்கு முன்பே அரபு எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருந்த பழைய அரசு. இடையில் மாலிக்குக் கப்பம் கட்டி, பிறகு தலைதூக்கியது. சொங்காய் ஓங்கிய காலத்திலும் மாலி மன்னர்கள் சுருங்கிய நிலப்பரப்பில் ஆண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

வடமேற்கு ஆப்பிரிக்காவின் பெர்பர் முஸ்லிம் அரசமரபினரான அல்மொராவித்கள் 1076-இல் கானாவைப் படையெடுத்து அழித்தார்கள் என்று பல நூல்களில் காணலாம். அவர்கள் 1054-இல் பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த அவ்தகுஸ்த் என்னும் வணிக நகரைப் பிடித்தது உறுதி. கானாவையே வென்றார்கள் என்பதற்குச் சமகாலச் சான்று மெலிதாகவே இருப்பதால், ஆய்வாளர் பலர் அந்தக் கதையை இப்போது ஏற்பதில்லை.

3. எழுத்தே இல்லாத நாடுகள் என்கிறார்களே, அப்படியானால் இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது?

நான்கு வழிகளில் தெரிகிறது. முதலாவது, அரபு மொழியில் எழுதிய வெளியார். இவர்களில் அல்-பக்ரி 1068-இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் இருந்தபடி வணிகர் சொல்லக் கேட்டு எழுதினார். சஹாராவை அவர் கண்டதே இல்லை. அல்-உமரி கெய்ரோவில் விசாரித்து எழுதினார். மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1352-இல் நேரில் போனார். இரண்டாவது, ஜெலிகள் எனப்படும் பரம்பரைப் பாணர்களின் வாய்மொழி. மூன்றாவது, திம்புக்டு அறிஞர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய வரலாறுகள். எனவே எழுத்தே இல்லை என்பது தவறு. நான்காவது, அகழாய்வு.

இணையத்தில் உலவும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த நான்கையும் ஒன்றாகக் கலப்பதால் வருகிறது. ஒரு செய்தியைக் கேட்டவுடன், இதைச் சொன்னவர் யார், அவர் கண்டாரா கேட்டாரா என்று பார்ப்பதே என் வழக்கம். கீழே உள்ள பதில்களிலும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

4. அரபு வணிகர்கள் வந்த பிறகுதானே அங்கே நகரங்களே உண்டாயின?

அப்படித்தான் நெடுநாள் நம்பப்பட்டது. 1977 முதல் ஜென்னே-ஜெனோ என்னும் மேட்டில் நடந்த அகழாய்வு அந்த நம்பிக்கையை மாற்றியது. நைஜர் ஆறு ஆண்டுதோறும் வெள்ளமாகப் பரவும் உள்நாட்டுக் கழிமுகத்தில், ஏறத்தாழ கி.மு. 250 முதலே மக்கள் குடியேறி, இரும்பு உருக்கி, நெல் விளைவித்து வாழ்ந்தார்கள். அந்த நெல் நாம் உண்ணும் ஆசிய நெல் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலேயே தனியாகப் பழக்கி எடுக்கப்பட்ட வேறு இனம். ஒட்டக வணிகம் பெருகுவதற்கு முன்பே அது நகரமாக வளர்ந்திருந்தது. வடக்கிலிருந்து வந்த வணிகர்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆற்றுவழி வாணிகத்தில் வந்து இணைந்துகொண்டவர்களே.

5. உப்புக்கு எடைக்கு எடை தங்கம் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

வெயிலில் உழைக்கும் மனிதருக்கும் கால்நடைக்கும் உப்பு இன்றியமையாதது. சஹாராவின் தெற்கே அது கிடைப்பது அரிது. அதனால் விலை உயர்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எடைக்கு எடை என்பதை இப்னு பதூதா தரும் விலைகளே மறுக்கின்றன. சஹாராவின் நடுவே உள்ள தகாசா சுரங்கத்து உப்பு, ஒரு பொதி பாலைவனத்தின் தென்விளிம்பு நகரான வலாட்டாவில் 8 முதல் 10 மிஸ்கால் தங்கம் வரையும், மாலித் தலைநகரில் 20 முதல் 30 வரையும், சில வேளை 40 வரையும் விற்றதாக அவர் எழுதுகிறார். ஒரு மிஸ்கால் ஏறத்தாழ 4.25 கிராம். மிக உயர்ந்த விலையை எடுத்துக்கொண்டாலும் ஓர் ஒட்டகப் பொதி உப்புக்கு 170 கிராம் தங்கம்தான் வருகிறது. ஒட்டகம் சுமப்பதோ நூறு கிலோவுக்கும் மேல். கவனிக்க வேண்டியது வலாட்டாவிலிருந்து தலைநகர் போவதற்குள் விலை மும்மடங்காவதைத்தான். வணிகரின் ஆதாயமும் அரசின் சுங்கமும் அந்த இடைவெளியில் இருந்தன.

தகாசாவைப் பற்றிய அவருடைய விவரிப்பு மறக்க முடியாதது. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டவை. கூரை ஒட்டகத் தோல். மரம் ஒன்றுகூட இல்லை. மணலைத் தோண்டினால் கனத்த உப்புப் பலகைகள் அடுக்கடுக்காகக் கிடைக்கும். தோண்டுபவர்கள் மஸூஃபா என்னும் பெர்பர் மக்களின் அடிமைகள். பேரீச்சம்பழம் வடக்கிலிருந்தும் தினை தெற்கிலிருந்தும் வந்தால்தான் அவர்களுக்கு உணவு. தண்ணீர் உவர்ப்பு, ஈக்கள் ஏராளம் என்று சலித்துக்கொள்ளும் அவரே, அந்தச் சிற்றூரில் அளவிறந்த தங்கம் கைமாறியது என்றும் எழுதுகிறார்.

6. தங்கச் சுரங்கங்கள் எல்லாம் மன்னர்களுக்குச் சொந்தமா?

தங்கம் விளைந்த இடங்கள் செனகல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பம்புக், நைஜரின் மேற்பகுதியில் உள்ள பூரே, பிற்காலத்தில் தெற்கே அக்கான் காட்டுப்பகுதி ஆகியவை. பேரரசுகள் பெரும்பாலும் சுரங்கத்தை அல்ல, வழியைத்தான் ஆண்டன. கானாவின் அரசர் உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைப் பொதி உப்புக்கும் ஒரு தீனாரும், வெளியே போகும் பொதிக்கு இரண்டு தீனாரும் வரி வாங்கினார் என்றும், தங்கக் கட்டிகள் அரசருக்கும் தங்கத்தூள் மக்களுக்கும் என்ற விதி இருந்தது என்றும் அல்-பக்ரி எழுதுகிறார். கட்டிகளும் சந்தைக்கு வந்தால் தங்கம் மலிந்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம்.

மாலியின் மன்னர்கள் தங்கம் எடுக்கும் ஊர்களைப் பிடித்து மதத்தைப் பரப்பினால் விளைச்சல் குறைந்துவிடுகிறது என்று கண்டு, அம்மக்களை அவர்கள் போக்கிலேயே விட்டுக் கப்பம் மட்டும் வாங்கினார்கள் என்று அல்-உமரி பதிவு செய்கிறார். இங்கிருந்து போன தங்கமே வட ஆப்பிரிக்க அரசுகளின் தீனார்களாயிற்று. 1252-இல் ஜெனோவாவும் ஃபுளோரன்ஸும் தங்க நாணயம் அடிக்கத் தொடங்கியபோது அவற்றுக்குள்ளும் அது சென்றது.

7. மன்சா மூசாதான் உலக வரலாற்றிலேயே பெரிய பணக்காரர், 400 பில்லியன் டாலர் என்கிறார்களே?

மூசா மாலியின் மன்னர்; மன்சா என்பது மன்னர் என்னும் பட்டம். அந்தத் தொகைக்கு எந்த அடிப்படையும் இல்லை. அவருடைய கணக்கேடு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சொத்து எது, அரசின் சொத்து எது என்று பிரிக்கவும் வழியில்லை. 14-ஆம் நூற்றாண்டுத் தங்கத்தை இன்றைய டாலராக மாற்றும் நம்பகமான முறையும் கிடையாது.

தெரிந்தவை வேறு. ஹஜ் பயணமாக 1324-இல் அவர் கெய்ரோவை அடைந்தார். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அல்-நாசிர் முகம்மதுவின் முன் நிலத்தை முத்தமிட மறுத்து, பிறகு என்னைப் படைத்த இறைவனுக்காகத் தலைவணங்குகிறேன் என்று சொல்லி வணங்கினார். அரசவையினருக்கெல்லாம் தங்கம் கொடுத்தார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழித்து கெய்ரோவில் விசாரித்த அல்-உமரி, அதற்கு முன் 25 வெள்ளித் திர்ஹத்துக்குக் குறையாத ஒரு மிஸ்கால் தங்கம் 22-க்கும் அதற்குக் கீழும் இறங்கி, அதுவரை மீளவில்லை என்கிறார். நூற்றுக்குப் பன்னிரண்டு அளவிலான சரிவு ஒரு தனிமனிதரின் செலவால் நேர்வது பெரிய செய்திதான். ஆனால் எகிப்தின் பொருளாதாரமே நொறுங்கியது என்று காணொளிகள் சொல்வது மிகை. திரும்பும் வழியில் கையிருப்பு தீர்ந்து, கெய்ரோ வணிகர்களிடம் பெரும் வட்டிக்கு அவர் கடன் வாங்க நேர்ந்ததை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை.

1375 அளவில் மயோர்க்காத் தீவில் வரையப்பட்ட கத்தலான் உலகப்படத்தில் அவர் முடிசூடி, கையில் தங்க உருண்டையுடன் அமர்ந்திருக்கிறார். ஐரோப்பாவில் அவர் புகழ் பரவ அந்தப் பயணமே காரணமாயிற்று.

8. அவருக்கு முன் ஆண்ட மன்னர் கொலம்பசுக்கு முன்பே அமெரிக்கா போனாராமே?

இந்தச் செய்தி ஒரே ஓர் இடத்திலிருந்து வருகிறது. உங்களுக்கு அரியணை எப்படி வந்தது என்று கெய்ரோவில் மூசாவிடம் ஓர் அதிகாரி கேட்டார். தமக்கு முன் ஆண்டவர் கடலின் எல்லையைக் காண 200 கப்பல்களை அனுப்பியதாகவும், திரும்பிய ஒன்றின் தலைவன் நடுக்கடலில் பெருநீரோட்டம் மற்றவற்றை இழுத்துச் சென்றதாகக் கூறியதாகவும், பிறகு மன்னரே 2000 கப்பல்களுடன் புறப்பட்டுத் திரும்பவே இல்லை என்றும் மூசா பதிலளித்தார். அதிகாரி சொன்னதை அல்-உமரி எழுதினார்.

அந்த மன்னரின் பெயர் அங்கே இல்லை. அபூபக்கர் என்பது பிற்காலத்தார் சேர்த்தது. அமெரிக்கக் கரையில் இதற்கு எந்தத் தொல்லியல் சான்றும் கிடைக்கவில்லை. புறப்பட்டார் என்று மட்டுமே மூசா சொன்னார். போய்ச் சேர்ந்தார் என்று அவரே சொல்லவில்லை. முன்னவர் மறைந்து தாம் அரியணை ஏறியதை விளக்கும் ஒருவரின் வாக்குமூலம் இது என்பதையும் மறக்கக்கூடாது.

9. மாலியை நிறுவிய சுந்தியாத்தா உண்மையான ஆளா, கதைப் பாத்திரமா?

ஆள் உண்மை. பாணர் மரபில், நடக்க முடியாத குழந்தையாகப் பிறந்து, எழுந்து நின்று, நாடு கடத்தப்பட்டு, சோசோ என்னும் அண்டை அரசின் மன்னன் சுமங்குரு கந்தேயை ஏறத்தாழ 1235-இல் கிரினாப் போரில் வென்றவர் அவர். சேவலின் கால்முள் பட்டால்தான் சுமங்குருவின் மந்திரவலிமை அழியும் என்பது காப்பியச் சுவை. ஆனால் மாரி ஜாத்தா என்பவர் சோசோவை வென்று 25 ஆண்டுகள் ஆண்டார் என்று வட ஆப்பிரிக்க வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 14-ஆம் நூற்றாண்டிலேயே தனிவழியில் கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு வேறு சாட்சிகள் ஒன்றுபடும் இடம் இது.

போருக்குப் பின் குருகன் ஃபுகாவில் கூடிய அவை வகுத்ததாகச் சொல்லப்படும் மாந்தேன் சாசனம் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று கொண்டாடுவோர் உண்டு. அவையின் நினைவு பழையது. ஆனால் பிரிவு பிரிவாக எண்ணிடப்பட்டு இன்று வழங்கும் பாடம், 1998-இல் கினியாவின் கன்கன் நகரில் பாணர்கள் கூடிச் சொன்னவற்றிலிருந்து தொகுக்கப்பட்டது. அதை 13-ஆம் நூற்றாண்டின் எழுத்தாவணம் போல மேற்கோள் காட்டுவது சரியன்று.

10. அங்கே எல்லோரும் முஸ்லிம்களாக மாறிவிட்டார்களா? பெண்கள் நிலை எப்படி இருந்தது?

கானாவில் அரசர் முஸ்லிம் அல்லர். 12 பள்ளிவாசல்கள் கொண்ட முஸ்லிம் நகர் ஒன்று, அதற்கு ஆறு மைல் தள்ளி அரசரின் நகர் ஒன்று, அதைச் சூழ்ந்து பூசாரிகள் காக்கும் புனிதக் காடுகள் என்று அல்-பக்ரி விவரிக்கிறார். அரசருக்குப் பின் பட்டம் அவருடைய சகோதரியின் மகனுக்குச் சென்றது. மாலியில் மன்னர்கள் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை நேரத்தோடு போகாதவருக்குப் பள்ளிவாசலில் இடம் கிடைக்காது என்கிறார் இப்னு பதூதா. அதே அரசவையில் பறவை முகமூடி அணிந்த பாணர்கள் மன்னருக்கு முன்னோர் புகழ் பாடுவதையும், மன்னர் பேசும்போது குடிமக்கள் தலையில் புழுதி வாரிப் போட்டுக்கொள்வதையும் கண்டு முகம் சுளிக்கிறார். அந்நாட்டின் நீதியையும் வழிப்பயணத்தின் பாதுகாப்பையும் மனமாரப் புகழ்கிறவரும் அவரே. மன்சா சுலைமான் அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று ரொட்டியும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் ஒரு சுரைக்குடுக்கைத் தயிரும்தான் என்று கண்டு அவர் சிரித்த இடம், அவர் எத்தகைய எதிர்பார்ப்புடன் போனார் என்பதையும் காட்டிவிடுகிறது.

வலாட்டாவில் பெண்களுக்கு ஆண் நண்பர்கள் இருந்ததும் கணவர்கள் அதைப் பொருட்படுத்தாததும் அவருக்கு அதிர்ச்சி. சொத்து மகனுக்கன்றிச் சகோதரியின் மகனுக்குச் செல்வதைக் குறிப்பிட்டு, இதை இந்தியாவின் மலபாரில் மட்டுமே கண்டிருக்கிறேன் என்கிறார். கேரளத்தின் மருமக்கத்தாயத்தை அறிந்த நமக்கு அது புரியும். சுலைமானின் பட்டத்தரசி காசா சிறை வைக்கப்பட்டபோது, அரச மகளிர் பலர் அவர் பக்கம் நின்று புதிய அரசிக்குப் பணிய மறுத்ததையும் அவர் எழுதுகிறார்.

11. மாலத்தீவுச் சோழி அங்கே பணமாகப் புழங்கியது என்று படித்தேன். நம்பலாமா?

நம்பலாம், இரு முனைகளையும் கண்ட ஒரே சாட்சி இருக்கிறார். 1340-களில் மாலத்தீவில் நீதிபதியாக இருந்த இப்னு பதூதா, அங்கே ஒரு தங்கத் தீனாருக்கு நான்கு இலட்சம் சோழிகள், மலிந்த வேளையில் பன்னிரண்டு இலட்சம் கூடக் கிடைக்கும் என்கிறார். அதே சோழி மாலியிலும் காவோவிலும் தீனாருக்கு 1150 என்று விற்றது. கடல் கடந்து, எகிப்து வழியாக, ஒட்டகத்தில் சஹாராவைத் தாண்டிய செலவும் ஆதாயமும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கின்றன.

12. திம்புக்டுவில் 25,000 மாணவர்கள் படித்த பல்கலைக்கழகம் இருந்ததா?

துவாரெக் என்னும் பாலைவன நாடோடி மக்களின் பருவகாலத் தங்குமிடமாக ஏறத்தாழ 1100-இல் தொடங்கிய ஊர் அது. மக்காவிலிருந்து மூசாவுடன் வந்த, ஸ்பெயினின் கிரனாதாவைச் சேர்ந்த கவிஞர் அல்-சாஹிலி அங்கே ஜிங்கரேபேர் பள்ளிவாசலை எழுப்பினார் என்பது மரபு. சங்கோரே என்பது ஒரு பள்ளிவாசலும் அதைச் சுற்றிய அறிஞர் குடியிருப்பும். ஆசிரியர் தம் வீட்டில் நூலை வரிவரியாகப் பாடம் சொல்லி, தேர்ந்தவருக்குத் தம் பெயரில் சான்று அளிப்பார். ஒரே நிறுவனம், பதிவேடு, பட்டமளிப்பு என்று நாம் கற்பனை செய்வது எதுவும் இல்லை. 25,000 என்பது ஏறத்தாழ நகரின் மக்கள்தொகையையே விழுங்கும் எண்.

இதனால் அந்தக் கல்வி சிறியதாகிவிடாது. 1593-இல் மொராக்கோப் படையினரால் கைதாகி மர்ராகெஷ் கொண்டுபோகப்பட்ட திம்புக்டு அறிஞர் அகமது பாபா, என் உறவினரில் மிகச் சிறிய நூலகம் என்னுடையதுதான், அதிலிருந்தே 1600 நூல்கள் பறிபோயின என்றார். வாணிகப் பொருள் எதையும்விட நூல்களில் ஆதாயம் மிகுதி என்று 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்ற பயணி லியோ ஆப்ரிக்கானுஸ் எழுதினார். 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது குடும்பங்கள் காத்துவந்த ஏடுகளில் பெரும்பகுதி மறைவாக இன்றைய மாலியின் தலைநகர் பமாகோவுக்குக் கடத்தப்பட்டது. இடிக்கப்பட்ட அடக்கத்தலங்களை உள்ளூர்க் கொத்தனார்கள் மீண்டும் கட்டினார்கள்.

13. இவ்வளவு பெருமை பேசுகிறோமே, அடிமை முறையும் இருந்ததுதானே?

இருந்தது. தகாசாவின் உப்பை எடுத்தவர்கள் யார் என்பதை 5-ஆம் பதிலில் சொன்னேன். இப்னு பதூதா ஊர் திரும்பிய வணிகச் சாத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். மூசாவின் பயணத்திலும் அடிமைகள் பெருந்தொகையாக நடந்தார்கள். தங்கத்தை மட்டும் எண்ணும் விவரிப்புகளில் அவர்கள் அலங்காரமாகிவிடுகிறார்கள்.

அகமது பாபா 1615-இல் இது பற்றி எழுதினார். கறுப்பாக இருப்பதால் ஒருவர் அடிமை ஆகிவிடமாட்டார், முஸ்லிமை அடிமைப்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம். அவர் நிறத்தை மறுத்தாரே ஒழிய அடிமை முறையை மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

14. அத்தனை பெரிய சொங்காய் ஒரே போரில் எப்படி விழுந்தது?

மொராக்கோ சுல்தான் அகமது அல்-மன்சூர் தகாசாவின் உப்பையும் தெற்கின் தங்கத்தையும் விரும்பினார். ஸ்பெயினில் பிறந்த ஜூதர் பாஷாவின் தலைமையில் ஏறத்தாழ 4000 பேர் பாலைவனத்தைக் கடந்து, 1591 மார்ச்சில் காவோவுக்கு அருகே தொந்திபியில் சொங்காய் மன்னர் அஸ்கியா இரண்டாம் இஸ்ஹாக்கின் பெரும்படையைத் துப்பாக்கிகளால் சிதறடித்தார்கள். துப்பாக்கி மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அரச குடும்பத்துக்குள் அரியணைப் போட்டி அதற்கு முன்பே நாட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. போர்த்துகீசியர் 1482-இல் எல்மினாக் கோட்டையைக் கட்டியது முதல் தங்கத்தின் ஒரு பகுதி கடற்கரைக்குத் திரும்பியிருந்தது.

வென்றவர்களுக்கும் தங்கச் சுரங்கம் கிடைக்கவில்லை. சொங்காய் மரபினர் தெற்கே தெந்தியில் எதிர்த்து நின்றார்கள். வந்த படையினர் உள்ளூரில் மணம் புரிந்து அர்மா என்னும் ஆளும் குழுவாகி, காலப்போக்கில் மொராக்கோவைக் கேட்காமலே ஆளுநர்களான பாஷாக்களை நியமித்துக்கொண்டார்கள்.

15. திம்புக்டு வரலாற்று நூல்களை அப்படியே நம்பலாமா? சுன்னி அலி கொடுங்கோலன், அஸ்கியா முகம்மது உத்தமர் என்று இருக்கிறதே?

3-ஆம் பதிலில் சொன்ன கேள்வியை இங்கேதான் அழுத்திக் கேட்க வேண்டும். 1464 முதல் 1492 வரை ஆண்ட சுன்னி அலிதான் திம்புக்டுவையும் ஜென்னேயையும் பிடித்துச் சொங்காயைப் பேரரசாக்கியவர். அவர் திம்புக்டு அறிஞர் குடும்பங்களைத் துன்புறுத்தினார். அந்த மரபில் வந்தவர்கள்தான் பின்னாளில் வரலாறு எழுதினார்கள். 1493-இல் அரியணையைக் கைப்பற்றிய அஸ்கியா முகம்மது அவர்களை ஆதரித்தார், ஹஜ் போனார், புகழப்பட்டார். சொங்காய் வாய்மொழி மரபிலோ சுன்னி அலி வலிமைமிக்க மந்திரவாதி மன்னராக நினைக்கப்படுகிறார்.

இரண்டு பெரிய வரலாறுகளில், அல்-சாதி ஏறத்தாழ 1655-இல் எழுதிய தாரீக் அல்-சூதான் ஓரளவு நேரான நூல். தாரீக் அல்-ஃபத்தாஷ் சிக்கலானது. 19-ஆம் நூற்றாண்டில் மாசினா அரசை நிறுவிய அகமது லொப்போவுக்கு ஆதரவாக, அகமது என்னும் கலீஃபா வருவார் என்று முன்கூட்டியே கூறப்பட்டதுபோல ஒரு பகுதி அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே அஸ்கியா முகம்மதுவைக் கலீஃபா ஆக்கும் காட்சிகளை அந்நூலிலிருந்து யாராவது எடுத்துக் காட்டினால், அதே செய்தி அல்-சாதியிடமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.